சைரனுக்குள் வந்த ஃபாஸ்ட் வண்டி

சைரன் ஊதுகிறது. வெள்ளிக்கிழமை. மூன்று ஐம்பது. மின்சார ரயில் வண்டி இப்போதுதான் எங்கள் ஸ்டேஷனில் நின்றது. லேடீஸ் டப்பாவின் வாசலில் நாங்கள் மூன்று பேர். நான். எதிர்வீட்டுப் புஷ்பம் அக்கா. எங்களோடு காரகானாப் பட்டறையில் பை தைக்கிற மேரி.

சத்தம் ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. அப்படி ஊதினால் விமானம் வருகிறது என்று அர்த்தம். போனில் பார்த்திருந்தேன். எல்லையில் சண்டை தொடங்கி மூன்று நாள். மூன்று நாளும் நான் தூங்கவில்லை. "ஏளா, எனக்கும் சேத்து நீயே பயந்துக்கோ" என்று அக்கா காலையில்கூடச் சிரித்தாள்.

பிளாட்பாரத்துக் கூட்டம் பாலத்துக்கு ஓடுகிறது. பாலம் குறுகல். குண்டு விழாவிட்டாலும் நசுங்கிச் சாவோம் என்று நினைத்தேன். தாராவிக்குப் போக எங்களுக்கு வேறு வழி உண்டு. அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான். வண்டியின் மறுபக்கம் குதித்து, தண்டவாளம் தாண்டி, சுவர் உடைந்த இடத்தில் நுழைந்துவிடுவோம்.

"யக்கா, இந்தப் பக்கம் குதிங்க."

"குதிக்காதீய! இது டிரில்லு!" மேரி கத்தினாள்.

மேரி இங்கே பிறந்தவள். மராத்தி படித்தவள். நான் ஆறாவதோடு நின்றவள். போர் ஒத்திகை நோட்டீஸ் இரண்டு நாளாக என் போனிலும் இருந்தது. மராத்தியில். படத்தை மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறேன். மேரிக்கு விவரம் போதாது என்று நினைத்தேன்.

குதித்தேன். அடுத்த தண்டவாளத்தையும் தாண்டிவிட்டேன். அக்கா மெதுவாக இறங்குகிறாள். முட்டிவலிக்காரி. இறங்கி நிற்கிறாள். நான் கையைக் காட்டினேன்.

"வாங்க, வாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்த்தாள். வந்தாள். அந்தத் தண்டவாளத்தில் வந்த, இங்கே நிற்காத ஃபாஸ்ட் வண்டி ஹார்ன் அடித்ததாம். எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சைரன் மட்டும் கேட்டது.

சைரன் நின்றது. ஒலிபெருக்கியில் ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னார்கள்.

ஸ்டேஷன் பெயரை எழுதவில்லை. தினமும் அங்கேதான் இறங்குகிறேன். போர் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஒரு குண்டும் விழவில்லை. ஒத்திகை நன்றாக நடந்தது, யாருக்கும் காயமில்லை என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. மேரிதான் படித்துச் சொன்னாள். அக்கா அந்தக் கணக்கில் இல்லை. தண்டவாளம் தாண்டிச் செத்தவர்கள் கணக்கில் இருக்கிறாள். தப்பு அவளுடையது என்று ரயில்வே போலீஸ் தாளில் எழுதிவிட்டார்கள். கூப்பிட்டது யார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இறந்தவர் ஒருவர். புஷ்பம். வயது நாற்பத்து நான்கு. தாயில்லாமல் ஆனவர்கள் இருவர், இரண்டும் பெண்பிள்ளைகள். கூப்பிட்டவளுக்கு ஒரு கீறலும் இல்லை.