அண்ணனுக்குச் செய்த போர்டு

தட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் சர்க்யூட் போர்டு செய்யப் பழகுகிறவர்கள் முதலில் சொதப்புவது அங்கேதான். செம்புத் தகட்டின் மேல் காகிதத்தில் அச்சடித்த கோடுகளை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டவைப்பது பெரிய வித்தையில்லை. தட்டில் செம்பை அரிக்கும் கரைசலை ஊற்றி, அதில் போட்ட பிறகுதான் பொறுமை வேண்டும். வேண்டாத செம்பு கரைந்ததும் எடுத்துவிட வேண்டும். அசந்தால் மின்சாரம் ஓட வேண்டிய கோட்டையும் அரித்துவிடும். நடுவில் எழுந்து போனால் அத்தனையும் பாழ். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பக்கவாதத்தில் அண்ணனுக்கு வலப்பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போன பிறகு, பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. அண்ணி வேலைக்குப் போக வேண்டும். நான் வீட்டில் சும்மா இருப்பவன், அவர்கள் கணக்கில். சளி தொண்டையை அடைத்தால் அவராகப் புரண்டு படுக்க முடியாது, கூப்பிட்டதும் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு நானே ஒரு போர்டு செய்தேன். அண்ணன் கட்டிலில் பொத்தானை அழுத்தினால் மாடியில் என் அறையில் மணி அடிக்கும். பதிலுக்கு நான் அழுத்தினால் அவர் கண்ணெதிரே பச்சை விளக்கு எரியும். வருகிறேன் என்று அர்த்தம்.

மணி ஓயவில்லை. தலையணை சரிந்தால் மணி, ஈ உட்கார்ந்தால் மணி. ஒருமுறை நான் இறங்கிப்போய் அவர் மூக்கைச் சொறிந்துவிட்டு மேலே வருவதற்குள், கரைசலில் கிடந்த ரேடியோ போர்டு அரித்துப்போய்விட்டது. நான் கோபப்படவில்லை. "என்னடா மேல மாஞ்சு மாஞ்சு பண்ற? கடையில வாங்குனா முடிஞ்சுச்சு" என்று நன்றாக இருந்த காலத்திலேயே சிரித்தவர் அவர். அவரிடம் போய் எதைச் சொல்ல?

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் அவர் அடங்கிவிடுவார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். அவருக்கு வேண்டியது நான் இல்லை, விளக்குதான் என்று புரிந்தது.

என் கையால் செய்ததிலேயே சுத்தமான வேலை அதன்பின் அவருக்குச் செய்த இரண்டாவது போர்டுதான். அவர் அழுத்தினால், ஓர் ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் நேரம் கழித்து, விளக்கு தானாகவே எரியும். உடனே எரிந்தால் சந்தேகம் வரும் அல்லவா? நான் வந்து அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். மணிக்குப் போகும் கோட்டை நான் வரையவே இல்லை. மாட்டுவதற்கு முன் அண்ணன் அதை இடது கையால் தடவிப் பார்த்து, "அழகா... இருக்குடா" என்றார். என் வேலையை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு வீடு அமைதியாயிற்று. நான் இறங்கிப் போகும்போது சில நாள் நனைந்து கிடப்பார். துடைத்து, துணி மாற்றி, ஒரு குறையும் வைக்கவில்லை. "நான் கேட்டா, 'பாவம், மேல வேலையா இருக்கான், வந்துருவான்'னு உங்களுக்காகத்தான் பேசுறாரு தம்பி" என்பார் அண்ணி.

அன்று கீழே கட்டில் சட்டம் சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. என்னவென்று எனக்குத் தெரியும். தட்டில் போர்டு பாதிதான் கரைந்திருந்தது. ஆட்டிக்கொண்டே இருந்தேன். சத்தம் நின்ற பிறகும் ஆட்டினேன். எடுத்துக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். மணி அடிக்கவே இல்லை என்று அண்ணிக்குப் போன் செய்தேன். அது பொய்யில்லை.

அண்ணன் விளக்கையே பார்த்தபடி கிடந்தார். "பச்சை எரிஞ்சுட்டு இருக்கே தம்பி, நீங்க வரீங்கன்னுதானே நெனச்சிருப்பாரு" என்று அண்ணி அழுதார். பிறகு அவரே என்னைத் தேற்றினார். "உங்க மேல என்ன தப்பு? மெஷின் சதி பண்ணிருச்சு."

நீங்களும் அதையே எழுதி முடித்துவிட்டீர்கள். "வீட்ல செஞ்சதுதானே, எங்கயாவது ஒரு கோடு விட்டுப்போயிருக்கும். மனசை விடாதீங்க" என்று என் தோளில் தட்டினீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன். அண்ணனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போர்டு பழுது என்கிற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அதில் ஒரு கோடும் விட்டுப்போகவில்லை.