நின்றால் தெரியும் பைப்

– கால அசைக்காதீங்க அத்தான், கட்டு நகருது.

– கட்டு நல்லாத்தான் இருக்கு. நீ முதல்ல ஒழுங்கா உக்காரு மாப்ள. ஏன் நாற்காலி நுனியில தொத்திக்கிட்டு இருக்க?

– அக்கா எங்க?

– மருந்து வாங்கப் போயிருக்கா. வர அரை மணி ஆகும். சொல்லு.

– என்ன சொல்ல?

– ஆறு நாளா எட்டிப் பாக்காதவன் பை நெறைய பழத்தோட வந்திருக்க. சும்மாவா வந்த?

– ஆபீஸ்ல வேல...

– வேலன்னா அது வேல. எங்க ஆலை முழுக்க, ரெண்டு கோடி உருப்படி, பைப்பு வால்வு ஒண்ணு விடாம படமா இந்த டேப்லெட்டுக்குள்ள. விரல வச்சா வழுக்கிக்கிட்டு ஓடுது. என் மச்சினன் செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

– அத விடுங்க அத்தான்.

– ஏன்?

– அது அப்படி ஓடினதுக்கு... நான்தான்...

– மென்னு முழுங்காத.

– முதல்ல திக்கித் திக்கித்தான் ஓடிச்சு. அத்தனையையும் அந்தச் சின்னப் பெட்டி செகண்டுக்கு முப்பது தடவ வரையணும். முடியல. மறுநாள் உங்க ஆலை பெரியவங்க பாக்க வராங்க. மேனேஜர் கழுத்தப் புடிச்சார்.

– அதனால?

– படம் நகரும்போது மட்டும் சின்னச் சாமான வரையாதன்னு போட்டேன். நின்னா ரெண்டு செகண்ட்ல எல்லாம் வந்துடும். எல்லாரும் செய்யறதுதான், ஆணி போல்ட்டுதான் போகும். நான்... அளவக் கூட்டிட்டேன்.

– எவ்வளவு?

– மணிக்கட்டு பருமன் பைப் வரைக்கும்.

– ம்.

– காட்டி முடிச்சதும் குறைச்சிடலாம்னு இருந்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. மறந்துட்டேன்... இல்ல, மறக்கல. அப்படியே விட்டுட்டேன்.

– அடிபட்ட அன்னைக்கு, மோட்டாரத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, போற வழிய அதுல ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு.

– நிக்காம ஓட்டியிருப்பீங்க.

– வழி பாக்கறவன் நடுவுல எதுக்கு நிக்கணும்?

– அது எனக்குத் தோணவே இல்ல அத்தான். ஆபீஸ்ல நாங்க நின்னு நின்னுதான் பாப்போம்.

– நாலு பேர் தூக்கிட்டு வராங்க, நான் அவங்களப் பாத்துக்கிட்டே பின்பக்கமா நடந்துக்கிட்டு வா வாங்கறேன். முழங்கால் உயரத்துல குறுக்க ஒரு பைப். நான் கீழ, மோட்டார் என் கால் மேல.

– உங்க கவனக்குறைவுதான்னு ஃபோர்மேன் வேலையில இருந்து எறக்கப் போறாங்களாமே.

– ஸ்டோர்ல போடுவாங்க. இருபத்திரண்டு வருஷத்துல இதான் முதல் கெட்ட பேரு. போகட்டும் விடு.

– எப்படி விட? உங்க மூஞ்சிய ஏறிட்டுப் பாக்க முடியல. வெக்கமா இருக்கு. நாளைக்கே விசாரணையில வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்.

– எனக்குத் தெரியும் மாப்ள.

– என்ன தெரியும்?

– இங்க படுத்துக்கிட்டே அந்த வழிய மறுபடி ஓட்டினேன். பைப் இல்ல. விரல எடுத்தேன், வந்து நின்னுச்சு. மூணு தடவ பாத்தேன்.

– யார்கிட்டயாவது...

– சொல்லல. டேப்லெட்ட நான் பாக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

– ஏன் அத்தான்?

– உன் பேர் அடிபட்டா உங்கக்கா ரெண்டு பேருக்கும் சேத்து அழணும். ஆனா நீயே வருவன்னு கடைசி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டிருந்தேன். நேத்து சாயங்காலத்தோட விசாரணைய முடிச்சுட்டாங்க. பாவம், உனக்கு எப்படித் தெரியும்...

– தெரியும் அத்தான். முடிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சுதான் இன்னைக்கு வந்தேன்.