பதினெட்டு பிளாப்பி

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் நாலரை மணிப் படகில், எனக்கு முன் பெஞ்சில் இருந்த, மிளகுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் தோழியிடம் சொன்னாள்:

“ஒரு மூட்டை வந்தாலும் குடோன் முழுக்க நகல் எடுக்கறேன்டி.”

“எந்துக்கு?”

“முதலாளி வாங்கின டேட்டாபேஸ், கணக்கு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வெக்கும். ஒரு வரி மாறினாலும் பேக்கப் முழு ஃபைலையும் எடுக்கும். பதினெட்டு பிளாப்பி டிஸ்க், ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போடணும். தனித்தனி ஃபைலா இருந்தா மாறினது மட்டும், ரெண்டே போதும்.”

“சொல்லப்படாதோ?”

“சொன்னேன். பேக்கப் சாஃப்ட்வேர்தான் மோசம்னு அதை மாத்தினார். இப்பவும் பதினெட்டுதான். என் மோள் தூங்கினப்புறம்தான் வீட்டுக்குப் போறேன்.”

மடையன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னிக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தே?”

“பிளாப்பியை அவர் கையில குடுத்துட்டு வந்தேன். இப்போ நாலாவது போட்டுண்டிருப்பார்.”