ஆணி இல்லாத பஞ்சர்

சேரன்: பைக்கோட பின் டயர ஒரு சுத்து முழுசாத் தடவிப் பாத்துட்டேன் மச்சான். ஆணி இல்ல, முள்ளு இல்ல, கண்ணாடித் துண்டு கூட இல்ல.

ஆனந்தராஜ்: பின்னாடிய விடு மாப்ள. முன் டயரு எப்புடிப் போச்சு? அதச் சொல்லு.

சேரன்: முன் டயரு போனது போகட்டும். பின்னாடி எப்புடிப் போச்சு… அதுதான் எனக்கு வெளங்கல.

ஆனந்தராஜ்: திருக்கோகர்ணத்துல எறங்கி டீ குடிச்சப்ப ரெண்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. குவைத்துல பத்து வருசமா லாரி ஓட்டுறேன், ஆணியே இல்லாம ரெண்டு டயரும் ஒண்ணாப் போயி நான் பாத்ததில்ல.

சேரன்: எனக்கும் தலையும் புரியல, வாலும் புரியல.

ஆனந்தராஜ்: ஷோரூம்காரன் என்ன சொன்னான்? ஆத்துல எறங்கும், பாறையில ஏறும், பனியில பாயும்னான்ல? நார்த்தாமலை வெலக்குலயே படுத்துருச்சு.

சேரன்: கிண்டல் பண்ணாதீங்க…

ஆனந்தராஜ்: சரி, ஒண்ணு கேக்குறேன். டீக்கடையில இருந்து ஏன்டா நீ முப்பதத் தாண்டவே இல்ல? டவுன் பஸ்ஸு நம்மள முந்திட்டுப் போகுது.

சேரன்: லோடு இருக்குல்ல… பொட்டி, கூடாரம், நீங்க…

ஆனந்தராஜ்: நானும் லோடா?

சேரன்: ரெண்டு வாரமா எங்க அக்கா கை சாப்பாடு. டயருக்குத் தெரியாதா?… இருங்க, போன் அடிக்குது. … ம், சொல்லுங்கண்ணே… ஆமாண்ணே… ஆங், சரிண்ணே.

ஆனந்தராஜ்: யாரு?

சேரன்: கண்ணுசாமி அண்ணன். திருச்சி தாண்டிட்டீங்களான்னு கேக்குறாரு.

ஆனந்தராஜ்: என்ன சொன்ன?

சேரன்: தாண்டிட்டோம்னேன்.

ஆனந்தராஜ்: அட பாவி.

சேரன்: பின்ன? காலையில ஏழு மணிக்கு ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுல மேளம் வச்சு, பொன்னாடை போத்தி அனுப்பி வச்ச மனுசன். நம்ம மூஞ்சிய எட்டுக்குப் பத்துல பிளக்ஸ் அடிச்சிருக்காரு. பத்து மணிக்கு நார்த்தாமலையில உக்காந்திருக்கோம்னு எந்த வாயால சொல்றது?

ஆனந்தராஜ்: ‘லடாக்கை நோக்கி ஆலங்குடியின் சிங்கங்கள்’…

சேரன்: சிங்கம் ரெண்டும் புளியமரத்தடியில குந்தியிருக்கு.

ஆனந்தராஜ்: எல்லாம் அந்த எலுமிச்சம்பழந்தான். வீலுக்கு ஒண்ணா ரெண்டு வச்சாங்க. ஒண்ணுதான் நசுங்குச்சு. இன்னொண்ணு ஓடிப் போயி சாக்கடையில விழுந்துச்சு, பாத்தியா?

சேரன்: பாத்தேன்… சகுனம் சரியில்லங்கிறீங்களா?

ஆனந்தராஜ்: நீ என்ன நெனைக்கிற?

சேரன்: நீங்க பெரியவரு. நீங்க சொன்னா சரி.

ஆனந்தராஜ்: வண்டி ஒன்னோடது. நீதான் சொல்லணும்.

சேரன்: சகுனமாவது ஒண்ணாவது… பம்ப எடுக்கிறேன். காத்தடிச்சுப் பாப்போம்.

ஆனந்தராஜ்: ம்… எடு.

சேரன்: மச்சான். பம்பக் காணோம்.

ஆனந்தராஜ்: நேத்து நாந்தான வச்சேன், எடது பக்கப் பொட்டியில.

சேரன்: எடது பக்கந்தான் தொறந்திருக்கேன். பம்பு இருந்த எடத்துல என்ன இருக்கு பாருங்க. மஞ்சக் கவுனு. ஒத்தச் செருப்பு. பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட்டு.

ஆனந்தராஜ்: மேகலை கவுனுடா இது…

சேரன்: ஒங்க மகளேதான். அவளும் கெளம்பிருக்கா. எடம் பத்தலைன்னு பம்பத் தூக்கிக் கடாசிட்டா.

ஆனந்தராஜ்: நாலு வயசுக் கழுத… என்ன வேல பாத்து வச்சிருக்கா பாரு.

சேரன்: நீங்க வந்து எறங்குன அன்னைக்கு, ‘இந்த மாமா யாரு’ன்னு ஒங்களக் காட்டி எங்கிட்ட கேட்டவ.

ஆனந்தராஜ்: அத ஏன் இப்ப ஞாபகப்படுத்துற?

சேரன்: சும்மாதான்… போய்ட்டு வர பத்தொம்போது நாளு. வந்த மூணாம் நாளு ஒங்களுக்கு பிளைட்டு. அப்பறம் அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சு…

ஆனந்தராஜ்: தெரியும். வாய மூடிட்டு வேலையப் பாரு. இன்னும் கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கு. எச்சியத் தொட்டு வால்வுல வையி, கசிஞ்சா முட்டை விடும்.

சேரன்: நீங்க பின் வீல்ல வச்சுப் பாருங்களேன்.

ஆனந்தராஜ்: பின் வீலு எதுக்கு? முன் வீல்ல வையி.

சேரன்: இல்ல, பின்னாடிதான் மொதல்ல…

ஆனந்தராஜ்: தள்ளு, நானே வைக்கிறேன். … இந்தா, முட்டை விடுது. வால்வ எவனோ திருகி லூசாக்கி விட்டிருக்கான். டீக்கடையில வச்சுத்தான் பண்ணிருக்கணும். எவன்டா அவன்? முன் வீல்ல போயி கைய வச்சிருக்கான். வேகமா வந்திருந்தா ரெண்டு பேரும் ரோட்டுல கெடப்போம்.

சேரன்: வேகமா வரலைல்ல…

ஆனந்தராஜ்: ஆமா, நீ முப்பதுலயே… மாப்ள.

சேரன்: ம்.

ஆனந்தராஜ்: என் மூஞ்சியப் பாரு.

சேரன்: நாந்தான் மச்சான். நீங்க டீ சொல்லப் போனப்ப.

ஆனந்தராஜ்: ஏன்டா? இதுக்குத்தான வண்டி வாங்குன?

சேரன்: ஆறு வருசமா வீடியோ கால்ல லடாக்கு லடாக்குன்னீங்க. வேணாம்னு நான் எப்புடிச் சொல்றது? அக்காவும் வாயத் தொறக்கல. நேத்து ஒங்க நீலச் சட்டைய மடிச்சுச்சு, பிரிச்சுச்சு, மறுபடி மடிச்சுச்சு. மூணு தடவ. அதப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே ஆறல.

ஆனந்தராஜ்: நான் லடாக்குன்னது ஒனக்காகடா. ஒன் ஆசையக் கெடுக்கக் கூடாதேன்னு…

சேரன்: சரி, முன் வீலு நான். திட்டுறதுன்னா திட்டிக்கங்க. ஆனா பின் வீல நான் தொடவே இல்ல, சாமி சத்தியமா. அது எப்புடிப் போச்சு?… கேக்குறேன்ல. சட்டப் பையில என்னத்தத் தேடுறீங்க?

ஆனந்தராஜ்: பின் வீலு வால்வு மூடி இதுலதான் கெடக்கு மாப்ள. நீ டம்ளர் குடுக்கப் போனப்ப இதக் கழட்டிட்டு வால்வ லூசாக்கி விட்டேன்… மேகலை என்னைய அப்பான்னு கூப்புட ஆரம்பிச்சு நாலு நாளுதான்டா ஆச்சு.