கதவைத் திறந்ததும் காபி வாசனை

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், காலை ஷிப்டுக்குப் போகிற இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் ஒரே போனில் காபி மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கேப்ஸ்யூல் மெஷினை வாங்குங்கக்கா. பட்டனைத் தட்டுனா உடனே ஒரு கப்பு வந்துரும்லா,” என்றாள் தெற்கத்திப் பேச்சு பேசிய சின்னவள்.

“ஒரு கப்புதானே வருது? வூட்ல ரெண்டு பேரு கீறோமே,” என்றாள் மற்றவள், ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டு ஊர்க்காரி.

“உங்க வீட்டு அண்ணன் நைட் ஷிப்டு முடிஞ்சு வாரதுக்குள்ள நீங்க கிளம்பிருதீங்க. அவரே புதுசாப் போட்டுக்கிடட்டும். சொட்டுச் சொட்டா இறங்குற மெஷின்னா, நீங்க போட்டு வச்சது அவரு வாரதுக்குள்ள ருசி கெட்டுரும்.”

வடக்குப்பட்டுக்காரி போனில் அந்தச் சொட்டு மெஷினின் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“கெடட்டும்டி. அடியில சூட்டுத் தட்டு கீது, ஆறாது. அவரு கதவைத் தொறந்தா வூடு காபி வாசனையா இருக்கணும். வாரம் பூரா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல. நான் இப்பதான் இங்கருந்து போனேன்னாவது அவருக்குத் தெரியட்டும்.”

வல்லக்கோட்டை நிறுத்தம் வருவதற்குள், சொட்டுச் சொட்டாக இறங்குகிற மெஷினைச் சின்னவளே ஆர்டர் போட்டுக் கொடுத்தாள்.