ஈப்பொறிக்கு உரம் ஆகாது

ஈப்பொறிச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். மழைநீர்தான் ஊற்ற வேண்டும். உரம் கூடவே கூடாது. எங்கள் கரோலினா சதுப்பு மண்ணில் சத்தே கிடையாது. அதனால்தான் அது பூச்சி பிடித்துத் தின்கிறது.

பூச்சிமருந்தையும் நான் தொடுவதில்லை. அசுவினி பற்றினால் செடியை மழைநீர்த் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி இரண்டு நாள் விட்டுவிடுவேன். பூச்சி செத்துப்போகும். செடிக்கு ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குப் பின்னாலுள்ள சதுப்பில் இரண்டு வருடமாகச் செடிகள் திருட்டுப் போயின. பக்கத்துச் சாலையில் குடியிருந்த வெர்லின் ஹியூவெட் மேல் எனக்குச் சந்தேகம். மார்ச் மாதம் ஒரு மாலை அவனே வாளியோடு வந்தான். உள்ளே ஏழு செடிகள், வேரோடு.

“மிஸ் லியோட்டா, எம் மச்சினன் தோண்டிட்டு வந்துட்டான். திரும்ப நட்டுரலாம்னு கொண்டாந்தேன்.”

“ரெண்டு வருசமா போனதெல்லாம் எப்ப நடப்போற?”

அவன் சிரித்தான். “உங்க செடிகூட ரெண்டு வாட்டி தொட்டாத்தான் வாயை மூடுது. நீங்க ஒரே வாட்டியில கவ்விட்டீங்களே!”

வேர் காயக்கூடாது என்று தொட்டி மேல் குனிந்து செடிகளை நனைத்தான். நான் அவன் பிடரியைப் பிடித்து அமிழ்த்தினேன். செடி நடும் கரிமண்ணை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் பழகிய கை. இரண்டு நாளெல்லாம் தேவைப்படவில்லை.

சதுப்பில் புதைத்து, மேலே அந்த ஏழு செடிகளையும் நட்டேன். மே மாதத்தில் மறுபடி பதினொரு செடி காணாமல் போயின. அவனுக்குக் கூட்டாளி இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் அவனைத் தேடி ஷெரிஃப் ஆபீஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள், டெபுடி. உங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. கூட வந்த வனக்காவலர் கர்ட்டிஸ்தான் மண்டியிட்டார். அந்த இடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரம். நான் நட்ட ஏழோடு சுற்றியிருந்தவையும் சேர்த்து நாற்பது ஈப்பொறிகள் கறுத்து அழுகியிருந்தன.

“மிஸ் லியோட்டா, இங்க யாரு உரம் போட்டது? நீங்களா?”

செடி வளர்க்கும் இந்த முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொறுக்க முடியவில்லை.

“நான் உரம் போடல கர்ட்டிஸ். கீழ வெர்லின் இருக்கான்.”

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அழுகிப்போன அந்த நாற்பது செடிகளையும் சேர்த்து எழுதுங்கள். அவை ஒரு தப்பும் செய்யவில்லை.