அங்கிருந்து வந்த தம்பி

— போன்ல அந்த வார்த்தையைச் சொல்லாதேன்னு எத்தனை தடவைக்கா சொல்றது?

— எந்த வார்த்தையை? ஜெபமா?

— அக்கா!

— சரிடி, காபி. போதுமா? நம்ம சபைப் பொம்பளைங்க அத்தனை பேரும் முழங்கால் போட்டு உங்களுக்காகக் காபி குடிச்சோம்.

— சிரிக்க வைக்காதே. சிரிக்கிற நிலைமையில இல்ல நான்.

— என்னாச்சு கண்ணு? குரலே சரியில்லையே. மாப்பிள்ளை எங்க?

— காலைல வெளிய போனவர் இன்னும் வரல. தையல் வகுப்புக்கு ஒரு பொண்ணு வருவாளே, சுருட்டைன்னு கூப்பிடுவோமே, அவளைத் தேடித்தான் போயிருக்கார்.

— நீ அனுப்பின வீடியோல எனக்குக் கையாட்டுச்சே, அந்தப் புள்ளையா?

— அவதான். இந்த வாரம் முழுக்க ஆளைக் காணோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவுல புதுப் பூட்டு. கொடியில துணி மழையில நனைஞ்சு தொங்குது, எடுக்க ஆளில்ல.

— உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க.

— பேக்கரிக்காரரும் போயிட்டாரா? ஞாயித்துக்கிழமை தவறாம நம்ம வீட்டுக்கு வருவாரே. அவர் கடையில இப்ப எவனோ நிக்கிறான். ரொட்டியை வெட்டக்கூடத் தெரியல அவனுக்கு. முந்தி இருந்தவர் எங்கேன்னு கேட்டா, அப்படி யாரும் இருந்ததே இல்லைங்கிறான்.

— ஆண்டவரே! ஊழியம் பண்ணப் போன இடத்துல இப்படியா...

— அக்கா, மெதுவா! இந்த நாட்டுல நான் தையல் டீச்சர், அவர் கணக்கு வாத்தியார். அதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

— தெரியாம வாயில வந்துடுச்சுடி.

— யாரோ காட்டிக் கொடுத்திருக்காங்க. இங்க வர்றவங்களுக்கு ஒருத்தர் வீடு இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லாரையும் தெரிஞ்சது நாங்க ரெண்டு பேர். அங்க நீ.

— அப்ப என்னையே சந்தேகப்படுறியா?

— கோவிச்சுக்காதே. அந்த வீடியோவை யாருக்காவது அனுப்பினியா?

— சத்தியமா இல்ல. உங்க அத்தான் கண்ணுலகூடக் காட்டலடி.

— அப்ப சரி. என்னமோ, மனசு கிடந்து அடிச்சுக்குது.

— அடிச்சுக்காதே. ஒத்தாசைக்குத்தான் அந்தத் தம்பி பக்கத்துலயே இருக்காரே.

— எந்தத் தம்பி?

— அங்கிருந்து இங்க வந்துட்டுப் போனாரே, போன மாசம்! உங்ககூட ஞாயித்துக்கிழமை உட்கார்றவராமே. என்ன அழகாத் தமிழ் பேசுறார்! நீங்க சொல்லிக் கொடுத்ததுன்னு பெருமைப்பட்டுக்கிட்டார்.

— நாங்க இங்க யாருக்கும் தமிழ் சொல்லித் தரலையே.

— விளையாடாதேடி. மாப்பிள்ளை முட்டிவலிக்குத் தைலம்கூட வாங்கிக் கொடுத்து விட்டேனே.

— தைலம் எதுவும் வரலக்கா.

— வரலையா? அந்தத் தம்பி ஜெபம் பண்ணினப்ப சபையே அழுதுதுடி. அப்படி உருகுறார்.

— அவர்கிட்ட என்ன சொன்னே?

— நான் என்ன சொல்லப் போறேன்? புதுசா வந்தவங்களை ஜெபத்துல பேர் சொல்லித் தாங்கணும், எல்லார் பேரும் எனக்குத் தெரியலைன்னார். சொன்னேன். சுருட்டை, பேக்கரிக்காரர், நர்ஸம்மா... யார் எந்தத் தெருன்னும் கேட்டார்.

— ஐயோ...

— போன்ல சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னே? நான் நேர்லதானே சொன்னேன்! நான் என்ன தப்புப் பண்ணினேன்?

— கடைசியா எப்பப் பேசினார் உன்கிட்ட?

— இன்னைக்குக் காலைலகூட அங்கிருந்து போன் பண்ணிப் பேசினார். மாப்பிள்ளையைப் பார்க்கணும், எந்த வழியா நடந்து வருவார்னு கேட்டார். ஆத்துப் பாலத்து வழியாத்தான்னு நீ எப்பவும் சொல்வியே...

— சொல்லிட்டியா?

— கண்ணு...

— அக்கா, சொல்லிட்டியா?

— இருடி, போன்ல ஏதோ வந்திருக்கு. அட, அந்தத் தம்பிதான்! போட்டோ அனுப்பியிருக்கார். பார்த்தியா, வீணாப் பயந்து என்னையும் பயமுறுத்திட்டே. மாப்பிள்ளை இருக்காருடி! நான் பின்னி அனுப்பின நீல ஸ்வெட்டரைப் போட்டிருக்கார். பக்கத்துல நம்ம சுருட்டையும் நிக்கிறா, இன்னும் ரெண்டு மூணு பேரும் இருக்காங்க.

— எப்படி இருக்கார்? முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— முகம் தெரியலையே. ஏன் கண்ணு, எல்லாரும் செருப்புகூட இல்லாம, செவுத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கிறாங்க?